ஒரு காதுக்கு ஆறு ஸ்பீக்கர்

ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஹவுஸில் அவருக்கு டாக்டர் என்று பெயர். படித்து வாங்கிய பட்டம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மேல் ஒரு நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை ஊன்றி, கைப்பிடியை இடது காதோடு சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். பிறகு நிமிர்ந்து, இந்தப் பக்கத்து பேரிங் இன்னும் பத்து நாள்கூடத் தாங்காது, அதற்குள் மாற்றிவிடுங்கள் என்பார். புதிதாக வந்த இன்ஜினியர் ஒருவர் இதையெல்லாம் நம்பவில்லை. ஒன்பதாம் நாள் காலை அந்த மோட்டார் கிறீச்சென்று கத்தி நின்றபோது, பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்ததால், டாக்டர் எழுதிக் கொடுப்பார், அம்மா எடுத்துக் கொடுப்பார் என்று சிரிக்கவும் வசதியாகப் போயிற்று.

இத்தனை பெயர் வாங்கிய காது ஒன்றே ஒன்றுதான். ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னத்து வீக்கம் இறங்கியபோது வலது காதையும் கூடவே கொண்டுபோய்விட்டது. வலி இல்லை, சீழ் இல்லை. ஒரு விளக்கு அணைந்த மாதிரி அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. பம்ப் ஹவுஸில் இது பலருக்குத் தெரியாது. அங்கே ஆறு மோட்டார் ஓடும்போது எல்லாரும் செவிடர்கள்தான். எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள்.

மனைவிக்குத் தெரிந்தது கல்யாணமான முதல் வாரம். படித்துக்கொண்டிருந்தவரின் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, புதுப்பெண்ணுக்கே உரிய கூச்சத்தோடு என்னவோ மெல்லச் சொன்னாள். அவர் பாட்டுக்கு நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே கேட்டு, விஷயம் வெளியே வந்து, இரண்டு பேரும் சிரித்து முடித்தபோது அவள் அவருடைய இடப்பக்கத்துக்கு மாறியிருந்தாள். அன்று என்ன சொன்னாள் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. அதன் பிறகு தெருவில் நடந்தாலும் பேருந்தில் உட்கார்ந்தாலும் அவள் இடப்பக்கம்தான்.

இரண்டு பேருக்கும் சினிமா என்றால் உயிர். வாரம் ஒரு படம், ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சி. மகள் பிறந்த வருடம் தவிர ஒரு வாரமும் தவறியதில்லை. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் அவர் எப்போதும் வலது ஓரத்து இரண்டு சீட்டுகளைத்தான் கேட்பார். கடைசி ஓரத்தில் அவர், பக்கத்தில் அவள். அப்படி உட்கார்ந்தால் திரையிலிருந்து வருகிற சத்தம் முழுக்க அவருடைய நல்ல காதுக்கு வரும். இருபத்தொன்பது வருடம் இப்படியே போயிற்று.

போன வருடம் அவளுக்கு மூட்டில் ஆபரேஷன் ஆயிற்று. மூன்று மாதம் கழித்து, சரியாகிவிட்டது என்ற தைரியத்தில் படத்துக்குப் போனார்கள். இருட்டில் படி தெரியாமல் கால் தடுக்கி, முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்து நின்றாள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், "இனிமே என்னைத் தியேட்டருக்குக் கூப்பிடாதீங்க. நீங்க வேணா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

அவர் தனியாகப் போகவில்லை. இரண்டு ஞாயிறு வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் ஞாயிறு, கல்யாணமாகிப் போன மகளின் காலி அறையைத் திறந்து, கையில் டேப்போடு நீள அகலம் அளந்துகொண்டிருந்தார். என்ன என்று கேட்டவளிடம், தியேட்டரை இங்கே கொண்டுவரப் போகிறேன் என்றார்.

மகளிடம் தொலைபேசியில் யோசனை கேட்டார்கள். அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: டிவி ஒன்று வாங்குங்கள், அதற்குக் கீழே நீளமாக ஒரு சவுண்ட்பார் வையுங்கள், தீர்ந்தது வேலை. அவருக்கு அது போதவில்லை. சவுண்ட்பார் கூடாது என்பதில்லை. அது போதும் என்றால் மற்றவர்கள் எதற்கு அறை முழுக்க ஐந்தாறு ஸ்பீக்கர் வைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எதுவானாலும் ஏன் என்று தெரியாமல் அவரால் கடந்து போக முடியாது. மிக்ஸி கெட்டுப் போனால்கூட, ஓடவைத்த பிறகு ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க இன்னொரு தடவை பிரிப்பவர்.

பெரிய சாலையில் கண்ணாடி முகப்பு வைத்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு முதலில் போனார். அங்கே இருந்த விற்பனையாளர் இத்தனை வாட், அத்தனை வாட் என்று எண்களாகவே பேசினார். இரண்டு ஸ்பீக்கர் செய்யாத எதை ஐந்து ஸ்பீக்கர் செய்யும் என்று இவர் கேட்டார். "எஃபெக்ட் சார். சும்மா சுத்திச் சுத்தி வரும்" என்றார் அவர். எது சுற்றும், எப்படிச் சுற்றும் என்று கேட்டதற்கு, வாங்கினால் தெரியும் சார் என்று பதில் வந்தது. டாக்டர் வெளியே வந்து சட்டைப்பையில் இருந்த குறிப்பு நோட்டில் 'எஃபெக்ட்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

பம்ப் ஹவுஸ் எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் அடுத்த கடைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். துணிக்கடைக்கும் சாவிக்கடைக்கும் நடுவில் ஒடுங்கலான முகப்பு. உள்ளே போனால் பின்னால் நீளமாக ஒரு அறை; சுவரெல்லாம் தடித்த திரை, தரையில் கம்பளம். கடையை நடத்தியது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வாங்க என்று சொல்வதைவிட என்ன தெரியணும் என்று கேட்பதுதான் அவர் வழக்கம். டாக்டருக்கு அது பிடித்துப்போயிற்று.

அறைக்கு நடுவில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. மூட்டு வலிக்காரி என்பதால் கடைக்காரம்மா அவர் மனைவியை அதில் உட்கார வைத்தார். டாக்டர் வழக்கம்போல வலது சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். திரையில் மலைப்பாதை ஒன்று வந்தது. ஒரு ஹெலிகாப்டர் தெரியாமலே அதன் சத்தம் மட்டும் வந்தது. அவருக்கு அது கூடியும் குறைந்தும் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் மனைவியின் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது, பிறகு பின்னால், பிறகு வலப்பக்கமாக வந்து மறுபடி திரையில் நின்றது. பறக்கிற ஈயைப் பார்க்கிற பூனை மாதிரி இருந்தாள். அவர் படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்.

"நடுவுல உக்காந்தா இப்படியாங்க இருக்கும்?"

"ஏன், தியேட்டர்ல இப்படி இல்லையா?"

"நம்ம ஓரத்துக்கு எல்லாமே ஒரே பக்கத்துல இருந்துதான் வரும். நான் சத்தம்னா அப்படித்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்."

டாக்டருக்குச் சுருக்கென்றது. இருபத்தொன்பது வருடத்தில் ஆயிரம் படமாவது இருக்கும். ஓரத்து சீட்டு தனக்காக என்று தெரியும். பக்கத்து சீட்டும் ஓரம்தான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவள் குறையாக ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நிறுத்தத்தில் காய்கறி வாங்க வேண்டும் என்று பேச்சை மாற்றிவிட்டாள். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் இன்னொன்று அவரைக் குடைந்தது. அவள் தலை திரும்பிற்றே, அது எப்படி? கண்ணுக்குத் தெரியாத ஒன்று பின்னால் போகிறது என்று அவளுக்கு யார் சொன்னது? பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கதி, தனக்கு மட்டும் ஏழு வயதோடு மறந்துபோயிருக்கிறது. அதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. நோட்டில் எஃபெக்ட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதினார்: 'அவள் என்ன கேட்கிறாள்?'

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் மறுபடி போனார்கள். இந்தத் தடவை டாக்டர் கடைக்காரம்மாவிடம் தன் காதைப் பற்றிச் சொல்லிவிட்டார். கேட்பது மனைவி, கேள்வி கேட்பது நான் என்றார். கடைக்காரம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்ததில்லை என்று அந்தப் பார்வை சொன்னது. பரிதாபம் எதுவும் காட்டாமல், சரி, முதலில் வெறும் இரண்டு ஸ்பீக்கரில் ஒரு பாட்டு கேட்கலாம், இரண்டு பெட்டி நன்றாக இருந்தால்தான் மற்றதைப் பற்றிப் பேச முடியும் என்றார்.

ஒரு பெண் பாடுகிற பாட்டு. முதல் ஜோடி விலை குறைந்தது. பாடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று டாக்டர் கேட்டார். மனைவி கண்ணை மூடி, இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒன்றும் இல்லாத இடத்தைக் கையால் காட்டினாள். "அங்க நிக்கிறா" என்றாள். அங்கே ஸ்பீக்கரே இல்லையே என்று அவர் வியந்துபோனார். இரண்டு காதும் ஒரே அளவாகக் கேட்டால் மனசு அதை நடுவில் கொண்டுபோய் வைத்துவிடும் என்று கடைக்காரம்மா விளக்கினார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஜோடி கடையிலேயே உயர்ந்தது. கருப்பு மரப்பெட்டி, ஆள் மார்பு உயரம். அதே பாட்டு. மனைவி கண்ணை மூடினாள். கை எழுந்தது, எங்கே நீட்டுவது என்று தெரியாமல் காற்றில் தவித்துவிட்டு மடியில் விழுந்தது.

"இதுல அவ எங்கயும் இல்லைங்க."

"நல்லா கேளுங்கக்கா," என்றார் கடைக்காரம்மா. "இது கொஞ்சம் விசாலமா பாடும். பழகணும்."

"விசாலம் இல்லை. தலைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஒரு மாதிரி வருது எனக்கு."

கடைக்காரம்மாவின் முகம் மாறியது. எட்டு மாதமாக எத்தனையோ பேர் கேட்ட பெட்டி இது, யாரும் இப்படிச் சொன்னதில்லை என்றார். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று மனைவி சாதாரணமாகக் கேட்டாள். ஒருவரும் வாங்கவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டருக்கு இரண்டு ஜோடியும் ஒரே மாதிரி, சொல்லப்போனால் இரண்டாவது தெளிவாகவே கேட்டது. ஆனால் அவளுடைய கை தவித்ததை அவர் பார்த்திருந்தார். அந்தக் கை பொய் சொல்லாது. மருந்துச்சீட்டில் புழு நெளிகிற எழுத்துகளைப் படித்து இருபது வருடம் தப்பில்லாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், இல்லாததை இருக்கிறது என்று சொல்கிறவள் இல்லை.

பம்ப் ஹவுஸில் மோட்டார் பழுதுபார்த்து மாட்டும்போது ஒரு வயர் இடம் மாறிவிட்டால் மோட்டார் நிற்காது. நன்றாகத்தான் ஓடும், ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். தண்ணீர் மட்டும் மேலே ஏறாது. இங்கேயும் அப்படி ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார். கடைக்காரம்மா, வயர் போட்டது நானேதான் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். சொல்லிவிட்டு, கழுத்தில் இருந்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இடது பெட்டிக்குப் பின்னால் போனார். பிறகு வலது பெட்டிக்குப் பின்னால் போனார். அங்கே குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

சிவப்பு வயர் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு வயர் இருந்தது. ஒரு பெட்டிக்குள் அதிர்கிற தோல் முன்னால் வரும்போது இன்னொன்றின் தோல் பின்னால் போயிருக்கிறது. ஒன்று தள்ள ஒன்று இழுக்க, நடுவில் நிற்க வேண்டியவள் காணாமல் போயிருக்கிறாள். கடைக்காரம்மா மாற்றிச் சொருகிவிட்டுப் பாட்டைத் திரும்பப் போட்டார். மனைவியின் கை இந்தத் தடவை தவிக்கவில்லை. நேராக நடுவைக் காட்டியது.

"வந்துட்டா," என்றாள்.

பாட்டு முடிந்ததும் கடைக்காரம்மா வெளியே போய் மூன்று பேருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். எட்டு மாதமாக விற்காததற்கு விலைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். சிரிக்கவும் முடியாமல் வருந்தவும் முடியாமல் அவர் அதைச் சொன்ன விதத்தில், அவர்கள் மூன்று பேரும் கொஞ்சம் நெருங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து சனிக்கிழமை போனது. கடைக்காரம்மா அலுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ஸ்க்ரூட்ரைவரைக் கொண்டுவந்தபோது மட்டும், பெட்டியைப் பிரிக்கப் போகிறாரோ என்று பயந்துவிட்டார். அவர் பிரிக்கவில்லை. பாட்டு ஓடும்போது ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு மடித்த துணியை வைத்து, அதன் மேல் நுனியை ஊன்றி, இடது காதால் கேட்டார். நல்ல பெட்டியில் ஸ்பீக்கர் மட்டும்தான் பாட வேண்டும், பலகை கூடச் சேர்ந்து பாடக் கூடாது என்பது அவர் கணக்கு. பளபளப்பாக இருந்த ஒரு பெட்டியின் பின்பலகை ஒவ்வொரு தாள அடிக்கும் முனகியது. பார்க்கச் சுமாராக இருந்த சாம்பல் நிறப் பெட்டி ஒன்று கல் மாதிரி கம்மென்று இருந்தது. மனைவியும் கண்ணை மூடி அதையே கைகாட்டினாள். அந்தப் பெட்டிகளைச் செய்த இடத்திலேயே செய்த இன்னொன்றைத் திரைக்குக் கீழே நடுவில் வைக்கலாம் என்றார் கடைக்காரம்மா. படத்தில் பேசுகிற பேச்செல்லாம் அந்த நடுப்பெட்டியில் இருந்துதான் வருமாம். இது டாக்டருக்கு நல்ல செய்தி. சத்தங்கள் எங்கிருந்து வந்தாலும் பேச்சு ஒரே இடத்திலிருந்து வந்தால் அவருக்குப் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

புரொஜெக்டரா டிவியா என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. அவருக்குச் சுவர் நிறையப் படம் வேண்டும். அவளுக்கு அறையில் வெளிச்சம் வேண்டும். "இருட்டுல தடுக்கினதாலதான் தியேட்டரை விட்டேன். அந்த இருட்டையும் வீட்டுக்குக் கொண்டு வரணுமா?" என்று கேட்டாள். இதற்கு மேல் அவர் என்ன பேச முடியும். மேற்கே பெரிய ஜன்னல் உள்ள அறைக்கு டிவிதான் சரி என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டார்.

கடைசியாக சப்வூஃபர். ஆழமான சத்தத்துக்கு மட்டும் என்று தனியாக ஒரு கனத்த பெட்டி. அதை எங்கே வைக்க வேண்டும், இடமா வலமா என்று அவர் கேட்டார். கடைக்காரம்மா விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பெட்டியை மட்டும் ஓடவிட்டு, எங்கே இருக்கிறது சொல்லுங்கக்கா என்றார். மனைவி தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள். கையைத் தூக்கவே இல்லை.

"தெரியலையே. தரையில இருந்து வருது. நெஞ்சுல வருது."

"யாருக்கும் தெரியாதுக்கா. ரொம்ப ஆழமான சத்தத்துக்குத் திசை கிடையாது. ரெண்டு காது இருந்தும் கண்டுபிடிக்க முடியாது."

டாக்டர் அந்தப் பெட்டியின் தலையைத் தடவிக் கொடுத்தார். உலகத்தில் எல்லாரும் தன்னைப் போலவே கேட்கிற ஒரு சத்தம் இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மற்றப் பெட்டிகளையெல்லாம் அறிவால் தேர்ந்தெடுத்தார் என்றால், அதை ஆசையால் எடுத்தார்.

சாமான்கள் ஒரு ஞாயிறு காலை வந்து இறங்கின. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு சின்னவை, ஆழத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் மேய்க்க, டிவிக்குக் கீழே ரிசீவர் என்று ஒரு பெட்டி. மாட்டித் தர ஆள் அனுப்புகிறேன் என்று கடைக்காரம்மா சொன்னதை டாக்டர் ஏற்கவில்லை. வயரின் இரண்டு முனையிலும் தானே அடையாளம் ஒட்டி, இரண்டு தடவை சரிபார்த்துச் சொருகினார்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்குக் கடைக்காரம்மா ஒரு வழி சொல்லியிருந்தார். அதை மனைவி உட்காரும் நாற்காலியில் தூக்கி வைத்து ஓடவிட வேண்டும்; பிறகு தரையோடு தரையாக அறையெங்கும் ஊர்ந்து, எந்த இடத்தில் சத்தம் குழப்பமில்லாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட வேண்டும். ஐம்பத்தாறு வயதில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டாக்டர் தவழ்ந்தார். ஒரு மூலையில் சத்தம் குமுறியது. சுவரின் பாதியில் காணாமலே போனது. ஒரே அறையில் நாலடி தள்ளி நாலு விதமாக இருப்பது அவருக்கு விளங்கவில்லை. திரும்பத் திரும்ப அதே இடங்களுக்குத் தவழ்ந்து போய் வந்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் எதையோ இரவல் கேட்க வந்து, கதவில் நின்று, அண்ணனுக்கு ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார். "ஆமா, தேடிட்டு இருக்கார், கிடைச்சதும் சொல்றோம்" என்று மனைவி அனுப்பிவைத்தாள். ஜன்னலுக்கும் டிவிக்கும் இடையில், பழைய புத்தக அலமாரி இருந்த இடத்தில், கடைசியில் அது கிடைத்தது. அலமாரி கூடத்துக்குப் போயிற்று.

அடுத்தது அவளுடைய வேலை. ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கருக்காக உஸ்ஸ் என்று ஒரு சத்தம் அனுப்பும். அவள் நடு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து கைகாட்ட வேண்டும். முன் இடது சரி. நடு சரி. முன் வலது சரி. பின் வலது சரி. பின் இடதுக்கு மட்டும் அவள் ஒவ்வொரு தடவையும் ஜன்னலைக் காட்டினாள். ஸ்பீக்கர் இருந்தது அதற்கு மூன்றடி பின்னால். கண்ணைத் திறந்து பார்த்தும், "இருக்கட்டுங்க, சத்தம் ஜன்னல்ல இருந்துதான் வருது" என்றாள். டாக்டர் ஸ்பீக்கரை ஒருதரம், ஜன்னலை ஒருதரம் பார்த்தார். பெட்டி நேராகக் கண்ணாடியைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அதை அவளிடம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. தடித்த திரைச்சீலை ஒன்று தைத்து மாட்டி, பெட்டியையும் ஒரு கை திருப்பியபோது, அவளுடைய கை தானாகவே பின்னால் போயிற்று.

நடு நாற்காலி அவளுக்கு. அதற்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல அவருக்கு ஒன்று. முதல் படம் ஓடிய மாலை, கதையில் யாரோ தொலைபேசியில் கூப்பிட, மணி பின்னால் இடப்பக்கம் ஒலித்தது. மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய், மேடையில் இருந்த தன் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய்த் திரும்பி வந்தாள். டாக்டர் படத்தை நிறுத்திவிட்டு, எந்த இடத்திலிருந்து கேட்டது, எவ்வளவு தூரத்தில் என்று விசாரித்தார். அந்தப் படம் முடிய நாலு மணி நேரம் ஆயிற்று.

கடைக்காரம்மா ஒரு நாள் பார்க்க வந்தார். நடு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காட்சி கேட்டுவிட்டு, தன் கடை அறையைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். வேறு வீடுகளில் மாட்டியதைச் சரிபார்க்கச் சில சனிக்கிழமை இரண்டு பேரும் வர முடியுமா என்றும் கேட்டார். மனைவி உடனே சரி என்றாள். மருந்துக்கடையில் சனிக்கிழமை அரைநாள்தான். அப்படி இதுவரை ஐந்தாறு வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறார்கள். அவள் கண்ணை மூடிக் கைகாட்டுவாள். அவர் பின்னால் போய் வயரைப் பார்ப்பார்.

முதல் நாள் வீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது கடைக்காரம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். இடமா வலமா என்பதற்குத்தான் இரண்டு காது வேண்டும். முன்னாலா பின்னாலா என்பதைக் காது மடலின் மடிப்புகளே சொல்லிவிடுமாம், அதற்கு ஒரு காது போதுமாம். டாக்டருக்கு இது புதுச் செய்தி. அன்று பிற்பகலே மனைவியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய இடப்பக்கம் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி அவள் குலுக்கினாள். பத்தில் ஏழு சரியாகச் சொன்னார். நம்பாமல் இன்னொரு பத்து குலுக்கச் சொன்னார். எட்டு. பிறகு வலப்பக்கம் போய்க் குலுக்கினாள். அங்கே ஊகம்தான், கலந்துகட்டி வந்தது. ஆனாலும் அந்த எட்டை அவர் நோட்டில் தேதி போட்டு எழுதினார். ஐம்பது வருடமாக இந்தத் திறமை கூடவே இருந்திருக்கிறது, யாரும் பரீட்சை வைக்கவில்லை.

மனைவி அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் மருந்துக்கடையிலிருந்து வரும்போது, காதுக்குள் உருட்டிச் செருகினால் உப்பி அடைத்துக்கொள்ளும் மஞ்சள் நிற அடைப்பான் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை வலது காதில் செருகி, மேலே உள்ளங்கையையும் வைத்து இறுக்கி மூடிக்கொண்டு, நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போடுங்க. அந்த ஹெலிகாப்டர் வர்றதைப் போடுங்க."

"எதுக்கு?"

"நீங்க மட்டும்தான் கேள்வி கேக்கணுமா? எனக்கும் தெரியணும்ல, நீங்க என்ன கேக்கறீங்கன்னு."

அவர் போட்டார். அவளுடைய தலை திரும்பப் பார்த்தது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிட்டது. பிறகு மெல்ல முகத்தை மட்டும் இப்படியும் அப்படியும் அசைத்தாள், சத்தம் கூடுவதையும் குறைவதையும் வைத்துத் தேடுகிற மாதிரி. அவர் தினமும் செய்வது அதுதான். தான் அப்படிச் செய்கிறோம் என்பதே, அவளிடம் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. காட்சி மாறி இரண்டு பேர் பேசத் தொடங்கினார்கள். அவள் கை இன்னும் காதைப் பொத்தியபடியே இருந்தது.

"எல்லாம் இந்தப் பக்கமே வந்து ஒட்டிக்குது," என்றாள். "ஆனா பேச்சு நல்லா கேக்குதுங்க. ஒரு வார்த்தை விடாம கேக்குது."

"அது நடுப்பெட்டி."

"எனக்கும் தெரியும். நான்தானே எடுத்தேன்."

பத்து நிமிடம் அப்படியே பார்த்தாள். பிறகு அடைப்பானைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, தனக்கு இரண்டு காதும் வேண்டும் என்றாள். அவர் படத்தை முதலிலிருந்து போட்டார்.